வெண்கொக்குக் கோட்டை: வாசகர் கேள்விகள்

ஜப்பானின் ஹியோகோ மாகாணத்தில், ஹிமேஜி நகரின் நடுவில் நிற்கும் கோட்டையைப் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். தூரத்திலிருந்து பார்த்தால் சிறகை விரித்த வெண்கொக்கு போலத் தெரிவதால் இதற்கு வெண்கொக்குக் கோட்டை என்றும் பெயர்.

ஒரு புத்தகத்தில் 1333 என்றும் இன்னொன்றில் 1609 என்றும் போட்டிருக்கிறது. கோட்டையைக் கட்டிய ஆண்டு உண்மையில் எது?
*(வாசகர், ஈரோடு)*

இரண்டும் தப்பில்லை. ஒரே குன்றின்மேல் அடுத்தடுத்துக் கட்டியிருக்கிறார்கள், அதுதான் குழப்பத்துக்குக் காரணம். ஹிமேயாமா என்ற அந்தக் குன்றில் 1333-ல் அகமட்சு நோரிமுரா என்ற தலைவர் ஒரு சின்னக் காவல் அரண் அமைத்தார். 1346-ல் அவருடைய மகன் சடனோரி அதைக் கோட்டையாக்கினார். 1580-ல் இடம் படைத்தலைவர் டொயொடோமி ஹிடெயோஷியின் கைக்கு வந்தது; அவர் மூன்றடுக்குக் கோபுரம் ஒன்றைக் கட்டினார்.

இன்று நாம் படங்களில் பார்ப்பது அதுவும் இல்லை. 1600-ல் செகிகஹாரா போரில் வென்ற டொகுகவா இயெயாசு, தன் மருமகன் இகெடா டெருமசாவை இங்கே அமர்த்தினார். மேற்கே இருந்த பெரிய பிரபுக்கள்மீது ஒரு கண் வைத்துக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. டெருமசா ஹிடெயோஷியின் கோபுரத்தைக் கலைத்துவிட்டு 1601 முதல் 1609 வரை வேலை செய்து இப்போதுள்ள பெரிய கோபுரத்தை எழுப்பினார். பிறகு 1617-ல் வந்த ஹோண்டா டடமசா மேற்குப் பிரிவைக் கட்டி முடித்தார். 20-ஆம் நூற்றாண்டில் கோபுரத்தைப் பிரித்துப் பார்த்தபோது, அடியில் ஹிடெயோஷி காலத்து அடித்தளக் கற்கள் அப்படியே கிடந்தன. ஆக, கோட்டைக்கு வயது கேட்டால் 1333; கண்ணில் படும் கட்டடத்துக்குக் கேட்டால் 1609.

நேரில் பார்த்துவிட்டு வந்த உறவினர், "உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் மரத்தூணும் பலகையும்தான்" என்கிறார். ராஜா வாழ்ந்த இடம் இப்படியா இருக்கும்?
*(வாசகி, திண்டுக்கல்)*

அங்கே யாரும் வாழவில்லை. நடுவில் உயர்ந்து நிற்கும் அந்தக் கோபுரத்துக்கு ஜப்பானிய மொழியில் தென்ஷு என்று பெயர். பிரபு குடும்பத்தோடு இருந்த மாளிகை கோபுரத்துக்கு வெளியே, கீழே இருந்தது. இகெடா குடும்பம் கோபுரத்தை ஒட்டிய பிசென்மாரு என்ற பகுதியில் மாளிகை கட்டி வாழ்ந்தது. பின்னால் வந்த பிரபுக்கள் இன்னும் கீழே சன்னோமாரு பகுதிக்கு இறங்கிவிட்டார்கள். பிசென்மாருவில் இருந்த கட்டடங்கள் 1882-ல் தீயில் போயின. சன்னோமாரு மாளிகைகளும் இன்று இல்லை. அந்த இடம் இப்போது புல்வெளி. கோட்டைக்குள் நுழைந்ததும் எல்லோரும் நின்று படம் எடுப்பது அங்கேதான்.

கோபுரம் ஆயுதக் கிடங்கு, காவல் மேடை, முற்றுகை வந்தால் கடைசிப் புகலிடம். அந்தக் கண்ணோடு பார்த்தால் "ஒன்றுமே இல்லை" என்ற குறை வராது. சுவர் நெடுகத் துப்பாக்கியும் ஈட்டியும் வைக்கும் மரத் தாங்கிகள். மேலே உயரமான சன்னல்களை எட்டுவதற்கான மேடைகள். வெடிமருந்துப் புகை வெளியேறத் தனித் திறப்புகள். மூலையில் வீரர்கள் பதுங்கிக்கொள்ள ஒதுக்கறைகள். அடித்தளத்தில் தண்ணீர் புழங்கும் தொட்டி, பெரிய சுட்டமண் சாடிகளைப் பதித்த கழிப்பறைகள். நீண்ட முற்றுகை வரவே இல்லை என்பதால் அந்தக் கழிப்பறைகள் பயன்படுத்தப்படாமலே இருந்தன. அரண்மனை அலங்காரம் பார்க்க வேண்டுமானால் கியோட்டோவின் நிஜோ கோட்டைக்குப் போகச் சொல்லுங்கள். அங்கே மாளிகை அப்படியே இருக்கிறது; கோபுரம்தான் இல்லை.

வெளியே எண்ணினால் ஐந்து அடுக்கு. உள்ளே ஏறினால் ஏழு தளம் என்கிறார்கள். எப்படி?
*(வாசகர், தஞ்சாவூர்)*

வெளியே நீங்கள் எண்ணுவது கூரை வரிசைகளை. உள்ளே தளம் ஆறு. கல் மேடைக்குள் புதைந்த அடித்தளம் ஒன்று. மொத்தம் ஏழு. கல் மேடைக்குள் இருப்பது வெளியே தெரியாது. பெரிய முக்கோண முகப்புகளுக்குப் பின்னால் இன்னொரு தளம் கூரையோடு கூரையாக மறைந்துவிடுகிறது. கீழே நிற்கும் எதிரிக்கு உள்ளே எத்தனை தளம், எந்த உயரத்தில் ஆள் நிற்கிறான் என்ற கணக்குத் தப்பும்.

அளவுகள்: கல் மேடை 14.85 மீட்டர், அதன்மேல் மரக்கட்டடம் 31.5 மீட்டர், ஆக மொத்தம் சுமார் 46.4 மீட்டர். குன்றின் உயரத்தையும் சேர்த்தால் கடல் மட்டத்திலிருந்து கூரை உச்சி ஏறத்தாழ 92 மீட்டர்.

இத்தனை எடையையும் நடுவில் தாங்குபவை இரண்டு தூண்கள். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. அடித்தளத்தில் தொடங்கி ஆறாம் தளத்தின் தரை வரை, சுமார் 24.6 மீட்டர் உயரம். அடியில் விட்டம் 95 சென்டிமீட்டர், நுனியில் 42. ஒவ்வொரு தளத்தின் உத்தரமும் இந்த இரண்டிலும் வந்து செருகிக்கொள்கிறது. உள்ளே ஏறும்போது தளத்துக்குத் தளம் அந்தத் தூண் இளைத்துக்கொண்டே போவதைக் கவனியுங்கள். பெரும்பாலோர் படிக்கட்டை மட்டும் பார்த்து ஏறி, இதைத் தவறவிடுகிறார்கள்.

பெரிய கோபுரம் தனியாக நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிழக்கு, மேற்கு, வடமேற்கு என்று மூன்று சின்னக் கோபுரங்கள். நான்கையும் மாடி கொண்ட இணைப்புக் கூடங்கள் சேர்த்துக் கட்டுகின்றன. நடுவில் ஒரு முற்றம் கிடைக்கிறது. எதிரி எப்படியோ அந்த முற்றத்துக்குள் வந்துவிட்டாலும் நான்கு பக்கமும் துப்பாக்கிதான்.

கோபுரம் சாய்ந்திருந்ததாகவும், அதைக் கண்ட தலைமைத் தச்சர் உச்சியிலிருந்து குதித்து உயிரை விட்டதாகவும் படித்தேன். உண்மையா?
*(வாசகர், நாகர்கோவில்)*

குதித்தது கதை. சாய்ந்தது உண்மை. கோபுரம் தென்கிழக்காகச் சாய்ந்துதான் இருந்தது. ஆனால் அது தச்சர் பிழை இல்லை, மண்ணின் வேலை. தூண்கள் தனித்தனி அடித்தளக் கற்களின்மேல் நின்றன. அடியில் மண் எல்லா இடத்திலும் ஒரே கெட்டியாக இல்லை. மரம், ஓடு, மண்சுவர் என்று ஆயிரக்கணக்கான டன் எடை மேலே உட்கார்ந்திருக்க, கற்கள் ஆளுக்கொரு அளவில் அமுங்கின. எடோ காலம் (டொகுகவா ஆட்சிக்காலம்) முழுக்க முட்டுக்கொடுப்பதும், தூணுக்குத் துணைத்தூண் வைப்பதும், இரும்புப் பட்டை போடுவதுமாகச் சமாளித்தார்கள். நோய் அடியில், மருந்தோ மேலே. பலிக்கவில்லை.

1956 முதல் 1964 வரை நடந்த பெரும் சீரமைப்பில்தான் தீர்வு கிடைத்தது. கோபுரத்தை முழுவதும் பிரித்தார்கள். ஒவ்வொரு மரத்துக்கும் அடையாளம் இட்டு இறக்கி, பழைய அடித்தளக் கற்களை எடுத்துவிட்டு, கான்கிரீட் அடித்தளம் போட்டு, மறுபடி மேலே கோத்தார்கள். வெளியே எடுத்த கற்களை, இருந்த அதே வரிசையில் கீழே புல்வெளியின் ஓரத்தில் பரப்பி வைத்திருக்கிறார்கள். கோபுரத்தின் தரைப்படத்தை ஒரே பார்வையில் புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

அந்த வேலையில் மேற்குத் தூண் தனிக்கதை. பழைய தூணின் உள்ளே அழுகல் கண்டிருந்ததால் மாற்ற வேண்டியதாயிற்று. 25 மீட்டருக்கு நேரான ஹினோகி சைப்ரஸ் மரம் லேசில் கிடைக்குமா? கிசோ மலைக்காட்டில் தேடிப்பிடித்த மரம் கொண்டுவரும் வழியில் முறிந்தது. கடைசியில் அதன் ஒரு பகுதியையும், கசகடா கோயில் வளாகத்திலிருந்து வந்த இன்னொரு மரத்தையும் மூன்றாம் தள அளவில் இணைத்து ஒரே தூணாக்கினார்கள். இதில் ஒரு வேடிக்கை: கழற்றிய பழைய மேற்குத் தூணும் இரண்டு மரங்களை ஒட்டுப்போட்டதுதான். 17-ஆம் நூற்றாண்டுத் தச்சருக்கும் அதே தட்டுப்பாடு. கிழக்குத் தூணுக்கு அடிப்பகுதியை மட்டும் மாற்றினார்கள். மற்றபடி அது பழையதே.

அந்த வெள்ளைப் பூச்சு என்ன? பெயின்டா? இத்தனை மழை பெய்யும் நாட்டில் எப்படி நிற்கிறது?
*(வாசகி, காரைக்குடி)*

பெயின்ட் இல்லை, சுண்ணாம்பு. ஷிக்குய் என்பார்கள். காரைக்குடியிலிருந்து கேட்கிறீர்கள் என்பதால் உங்களுக்குச் சொல்வது எளிது. அடிப்படை வேதியியல் உங்கள் வீட்டுச் சுவருக்கும் அதற்கும் ஒன்றே: நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்து மறுபடி கல்லாகிறது. வேறுபாடு கூட்டுப்பொருளில். அங்கே சேர்ப்பவை மூன்று.

முதலில் சுண்ணாம்பு. சுண்ணாம்புக்கல்லைச் சுட்டதும் சேர்ப்பார்கள், சிப்பியைச் சுட்டதும் சேர்ப்பார்கள். இரண்டாவது சணல் நார். சுருங்கும்போது வெடிப்பு விழாமல் பிடித்துக்கொள்ள. மூன்றாவது கடற்பாசிக் கஞ்சி. காய்ந்த கடற்பாசியைக் கொதிக்கவைத்து, வடிகட்டி, அந்தக் கொழகொழப்பை ஊற்றிப் பிசைவார்கள். இந்தக் கஞ்சிதான் சூட்சுமம். அது சாந்தில் உள்ள நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடியிலிருக்கும் மண்சுவர் அதை உறிஞ்சிவிடாது. கஞ்சி குறைந்தால் பூசிய உடனே நீர் இறங்கி, கரணை ஓடாமல் இழுக்கும், பிறகு மயிரிழை வெடிப்புகள் தோன்றும். மிகுந்தாலோ, காய்வது தாமதமாகி மேற்பரப்பு மென்மையாகவே நிற்கும்.

பூச்சுக்கு அடியில் இருப்பது மூங்கில் தட்டி. மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைக்கோல் கயிற்றால் கட்டி, வைக்கோல் கலந்து புளிக்கவைத்த மண்ணை அப்புவார்கள். அது நன்றாகக் காய்ந்து, வெடிக்க வேண்டியதெல்லாம் வெடித்து முடிந்த பிறகு நடுப்பூச்சு. அதன்மேல்தான் சுண்ணாம்பு, மெல்லிய பல அடுக்குகளாக. ஒரே பூச்சில் கனமாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்று, பாளம் பாளமாகக் கழன்று விழும். உறைபனிக் காலத்தில் வெளிப்பூச்சு வேலையைத் தவிர்ப்பதும் இதனால்தான். உள்ளிருக்கும் நீர் உறைந்து விரிந்தால் இறுகாத பூச்சு உரிந்துவிடும்.

ஹிமேஜியின் சிறப்பு, சுவரோடு நிற்காமல் கூரையடி வாரைகளுக்கும், சன்னல் சட்டங்களுக்கும், ஓட்டு இணைப்புகளுக்கும்கூடச் சுண்ணாம்பு பூசியது. வெளியே ஒரு அங்குல மரம்கூடத் தெரியக்கூடாது என்பது கணக்கு. எரியம்பு வந்து குத்தினாலும் பற்றக்கூடாது. அழகு கூடவே வந்தது, அவ்வளவுதான். ஓட்டு இணைப்பில் பூசுவது காற்றில் ஓடு பெயராமலும், மழைநீர் இடுக்கில் ஏறாமலும் காக்கிறது.

"சுண்ணாம்பே பூசாத ஒரு பழுப்புச் சுவர் இருக்கிறதே" என்று பார்த்தவர்கள் கேட்பதுண்டு. ஹோ என்ற ஐந்தாவது வாயிலுக்கு அருகில் உள்ளது அது. களிமண்ணும் மணலும் கலந்து அரிசிக் கஞ்சி ஊற்றி, பலகைகளுக்கு நடுவே அடுக்கடுக்காக இடித்து இறுக்கியது. ஹிடெயோஷி காலத்தது என்கிறார்கள்.

கெடுவது எப்படி என்றும் சொல்லிவிடுகிறோம். முதலில் கறுப்பது சுவர் இல்லை, கூரை. ஓட்டு இணைப்பில் பூசிய சுண்ணாம்பின்மேல் தூசியும் பூஞ்சையும் படியும். 2009 முதல் 2015 வரை நடந்த சீரமைப்பில் கோபுரத்துக்கு மேல் ஒரு முழுக் கொட்டகையையே கட்டி, சுமார் 75,000 ஓடுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, சுண்ணாம்பைப் புதிதாகப் பூசி, பூஞ்சைத் தடுப்பு மருந்தும் அடித்தார்கள். செலவு சுமார் 240 கோடி யென். 2015 மார்ச்சில் திறந்தபோது கூரை உட்பட எல்லாமே பளீரென்று இருக்க, "இது ரொம்ப வெள்ளை" என்று உள்ளூர்க்காரர்களே கிண்டல் செய்தார்கள். மருந்து சில ஆண்டுகளுக்குத்தான் வேலை செய்யும். இப்போது கூரை மறுபடி பழைய சாம்பல் நிறத்துக்குத் திரும்பிவிட்டது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

வாயிலிலிருந்து கோபுரம் கண்ணெதிரே தெரிகிறது. ஆனாலும் போய்ச்சேர அத்தனை நேரம் ஆவது ஏன்?
*(வாசகர், திருச்சி)*

அதற்காகத்தான் அப்படிக் கட்டினார்கள். எங்களைக் கேட்டால், ஹிமேஜியின் உண்மையான கோட்டை கோபுரம் இல்லை, இந்தப் பாதைதான்.

பெரும்பாலான வாயில்களுக்குப் பெயர் ஜப்பானிய அகர வரிசையில்: இ, ரோ, ஹா, நி, ஹோ... நம் கணக்கில் அ வாயில், ஆ வாயில் என்பது போல. ஒரு காலத்தில் கோட்டை முழுக்க 84 வாயில்கள் இருந்தன. இன்று 21 நிற்கின்றன. நுழைவது ஹிஷி வாயிலில், கோட்டையிலேயே பெரியது. அதைத் தாண்டியதும் நேரே இ வாயில், பிறகு ரோ வாயில். அடுத்து ஹா வாயிலுக்கு ஏறும் சரிவு. இருபுறமும் மதில், மதில் நெடுக வட்டம், முக்கோணம், சதுரம் என்று துளைகள். ஹா வாயில் தாண்டியதும் பாதை அப்படியே திரும்பிவிடுகிறது. கோபுரம் உங்கள் முதுகுப் பக்கம் போய்விடும். நி வாயில் தாழ்ந்து, இருண்டு, வளைந்து நிற்கிறது. கூட்டமாக வருபவர்கள் அங்கே நெருங்கித்தான் நுழைய வேண்டும், தலைக்குமேல் உள்ள தளத்திலிருந்து ஈட்டி இறங்கும். அதையும் தாண்டி, இரும்புத் தகடு போர்த்திய ஹோ வாயிலைக் கடந்தால் பாதை கீழே இறங்கத் தொடங்குகிறது. கோபுரத்துக்கு ஏறிப் போக வேண்டியவன், இறங்கும்போது தயங்குவான்: வழி தப்பிவிட்டோமோ? அந்தத் தயக்கம்தான் அவர்களுக்கு வேண்டியது.

இதைத் தவிர ஒளிவழிகளும் உண்டு. ரு வாயில் என்பது கல்சுவருக்குள் துளைத்த பொந்து மாதிரி. உள்ளிருப்பவர் அதன் வழியே இறங்கி, முன்னேறும் எதிரியைப் பின்னாலிருந்து தாக்கலாம். கோபுரத்தின் வடபுறக் குன்றுச்சரிவில் இயற்கைக் காட்டை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். இன்றும் அது காடுதான். எதிரி அந்தச் செங்குத்தில் ஏறிவருவது கடினம்.

இதெல்லாம் உள்வட்டம். வெளியே அகழிகள் கோட்டையைச் சுற்றி இடஞ்சுழியாகச் சுருண்டு, நகரத்தையே உள்ளே அடக்கிக்கொண்டு போயின. வெளி அகழிக்குள் மட்டும் 233 ஹெக்டேர். உள் அகழி நன்றாக இருக்கிறது, நடு அகழி பாதி இருக்கிறது. வெளி அகழியின் பெரும்பகுதி தூர்ந்து, இன்றைய ரயில் நிலையம் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சுவர்த் துளைகள் ஏன் வெவ்வேறு வடிவில் உள்ளன?
*(மாணவி, கடலூர்)*

உயரமான நீள்சதுரம் வில்லுக்கு, ஏனென்றால் வில் நெட்டாகப் பிடிக்கப்படுவது. வட்டமும் முக்கோணமும் சதுரமும் துப்பாக்கிக்கு. எல்லாமே உட்புறம் அகன்று வெளிப்புறம் ஒடுங்கியவை. சுடுபவர் பக்கவாட்டில் திரும்பலாம், வெளியிலிருந்து குறிபார்ப்பவனுக்கு இலக்கு சிறியது. சுமார் ஆயிரம் துளைகள் மிஞ்சியிருக்கின்றன.

கல் மதில் கீழே சரிந்து, மேலே போகப் போக நிமிர்கிறது. சாந்தே இல்லாமல் எப்படி நிற்கிறது? கல்லறைக் கற்களைக்கூட எடுத்துக் கட்டினார்களாமே?
*(வாசகர், சேலம்)*

அந்த வளைவுக்கு "விசிறிச் சாய்வு" என்று பெயர். உள்ளே நிரப்பிய மண் மழையில் ஊறி வெளியே தள்ளும்; தள்ளும் விசை அடியில் அதிகம், எனவே அடி அதிகம் சரிந்திருக்கும். மேலே விசை குறைய, சுவர் நிமிரும். ஏறிவரும் ஆளுக்கு முதல் பாதி எளிது, அடுத்த பாதியில் கைப்பிடி கிடைக்காது. இது உபரி லாபம்.

சாந்து இல்லாததுதான் பலம். மூன்று விஷயங்கள் சேர்ந்து தாங்குகின்றன. ஒன்று, ஒவ்வொரு கல்லும் வெளியே தெரியும் முகத்தைவிட உள்ளே நீளமானது. ஆணி அடித்தாற்போல மண்ணுக்குள் போயிருக்கும். இரண்டு, முதுகுப்புறத்தில் தலையளவு, கையளவு உருண்டைக் கற்களை அகலமாகக் கொட்டியிருப்பார்கள். மழைநீர் அதன் வழியே இறங்கி, கல்லிடுக்கில் கசிந்து வெளியேறும். சாந்து பூசி அடைத்தால் நீர் உள்ளேயே தேங்கி, சுவரைத் தள்ளிவிடும். மூன்று, மூலை. நீண்ட கற்களை ஒரு வரிசை இந்தப் பக்கம், அடுத்த வரிசை அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி அடுக்குவார்கள். இந்த மூலையின் பலத்தை 2016 ஏப்ரல் நிலநடுக்கத்தின்போது கூமமோட்டோ கோட்டையில் உலகமே பார்த்தது. காவல் மாடம் ஒன்றின் அடியில் மதில் சரிந்து போக, மூலைக்கல் வரிசை மட்டும் ஒற்றைக்கால் போல நின்று கட்டடத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது.

மதில் கெடும்போது முதல் அறிகுறி வயிறு தள்ளுவது. நடுவில் புடைப்பு தெரிந்தால், உள்ளே உருண்டைக் கற்களுக்கிடையே மண் புகுந்து நீர்வழி அடைத்துக்கொண்டது என்று பொருள். மரவேர்களும் இதே சேதத்தைச் செய்யும். புடைத்த பகுதியை வெளியிலிருந்து தட்டி உள்ளே தள்ள முடியாது. எண் போட்டுக் கழற்றி, உள்ளே கொட்டிய கல்லை மாற்றி, அதே இடத்தில் திரும்ப அடுக்குவது ஒன்றே வழி.

கல்லறைக் கல் விஷயம் உண்மை. பழங்காலக் கல் சவப்பெட்டிகள், கல் விளக்குகள், திரிகைக்கல் எல்லாம் மதிலில் இருக்கின்றன. காரணம் பக்தியும் இல்லை, அவமதிப்பும் இல்லை, கல் பற்றாக்குறை. ஹா வாயிலின் தூண் ஒன்று கல் விளக்கின் பீடத்தின்மேல்தான் நிற்கிறது. வடமேற்குச் சின்னக் கோபுரத்தின் மதிலில் வலை போட்டு மூடிய ஒரு திரிகைக்கல்லைக் காட்டுவார்கள். ஹிடெயோஷி கல்லுக்குத் திண்டாடுவதைக் கேட்ட ஏழைக் கிழவி, தன் பிழைப்புக்கான திரிகைக் கல்லையே கொடுத்ததாகக் கதை. ஆனால் அந்த மதில் இகெடா காலத்தது. கதையை ரசியுங்கள், தேதியோடு ஒட்டாதீர்கள்.

இந்தக் கோட்டையில் போரே நடக்கவில்லையா?
*(வாசகர், மதுரை)*

இப்போதுள்ள கட்டடம் பெரிய போர் எதையும் கண்டதில்லை. அதற்கு வந்த ஆபத்துகள் வேறு திசையிலிருந்து.

1873-ல் புதிய அரசு கோட்டைகளைக் கைவிடும் ஆணை போட்டது. ஹிமேஜி ஏலத்துக்கு வந்து 23 யென் 50 சென்னுக்கு ஒருவரிடம் போனதாகப் பரவலாகச் சொல்வார்கள். ஓடுகளையும் இரும்பையும் விற்கலாம் என்று வாங்கியவர், பிரிக்கும் கூலி அதைவிட அதிகம் என்று தெரிந்ததும் கைவிட்டாராம். நம்மவர்கள் "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று சொல்லிச் சிரிப்பார்கள்; அந்தக் கணக்குதான் கோட்டையைக் காப்பாற்றியது. 1878-ல் நகமுரா ஷிகெட்டோ என்ற ராணுவக் கர்னல், இதையும் நகோயா கோட்டையையும் அரசு செலவில் காக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தார். ஹிஷி வாயிலுக்கு உள்ளே அவருக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. போகிறவர்கள் அதன் பக்கம் திரும்புவதில்லை, திரும்ப வேண்டும்.

1945 ஜூலை 3 இரவு நகரத்தின்மேல் தீக்குண்டுகள் விழுந்தன. நகரம் எரிந்தது. வெள்ளைச் சுவர் தெரியாமலிருக்கக் கோபுரத்தைக் கறுப்பு வலையால் மூடியிருந்தார்கள். உச்சித் தளத்தில் விழுந்த ஒரு குண்டு வெடிக்கவில்லை. நகோயா கோட்டை அதே ஆண்டு மே மாதத்திலேயே எரிந்துபோயிருந்தது.

ஓட்டு நுனிகளில் பட்டாம்பூச்சி, இலை என்று பல முத்திரைகள். ஏன் ஒரே மாதிரி இல்லை?
*(வாசகி, வேலூர்)*

ஒவ்வொரு பிரபுவும் பழுது பார்க்கும்போது தன் குடும்ப முத்திரையோடு ஓடு போட்டார். பட்டாம்பூச்சி இகெடா குடும்பம். பவுலோனியா பூ டொயொடோமி. 1749 முதல் 1868 வரை இருந்த சகாய் குடும்பத்துக்குப் புளியாரை இலைகளுக்கிடையே வாள் முனைகள். எந்தக் கூரை யார் காலத்தில் ஒழுகியது என்று முத்திரையை வைத்தே ஊகிக்கலாம்.

பேய்க்கிணறு?
*(மாணவர், தென்காசி)*

ஒகிகு என்ற பணிப்பெண், பத்துத் தட்டுகளில் ஒன்றைத் திருடியதாகப் பழி சுமத்தப்பட்டுக் கொல்லப்பட்டு இதில் வீசப்பட்டாள்; இரவில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணும் குரல் கேட்கும் என்பது கதை. கிணறு உண்மை. இப்போது இரும்புக் கம்பி போட்டு மூடியிருக்கிறது. பக்கத்தில் "வயிறு கிழிக்கும் முற்றம்" என்று ஒன்றைக் காட்டுவார்கள்; அங்கே யாரும் தற்கொலை செய்துகொள்ளவில்லை. இடத்தின் தோற்றத்தைப் பார்த்து வைத்த பட்டப்பெயர். அது காவல் கூடம்.

கோட்டையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை என்ன? எப்படிப் போவது, எவ்வளவு நேரம்?
*(வாசகர், கோயம்புத்தூர்)*

மேற்குப் பிரிவை விட்டுவிடாதீர்கள். ஹோண்டா டடமசாவின் மகனை மணந்த சென்ஹிமே, இயெயாசுவின் பேத்தி. முதல் கணவர் டொயொடோமி ஹிடெயோரி ஒசாகா கோட்டை வீழ்ந்தபோது இறந்தவர். சென்ஹிமேக்காகக் கட்டிய ஒப்பனை மாடமும், பணிப்பெண்கள் தங்கிய சுமார் 240 மீட்டர் நீளத் தாழ்வாரமும் அங்கே இருக்கின்றன. கூட்டம் குறைவு, கோபுரம் முழுசாகத் தெரியும் கோணமும் கிடைக்கும்.

அகழிக்கு மேற்கே கோகோ-என் தோட்டம். பழைய சாமுராய் வீடுகள் இருந்த இடத்தை அகழ்ந்து பார்த்து, அந்த மனைப்பிரிவுகளை ஒட்டியே ஒன்பது தனித்தனித் தோட்டங்களாக 1992-ல் திறந்தது, 3.5 ஹெக்டேர். பழமையானது இல்லை, ஆனால் அடக்கமாகச் செய்திருக்கிறார்கள். பெரிய குளமும் அருவியும் உள்ள பகுதியிலேயே எல்லோரும் நின்றுவிடுவார்கள். உள்ளே தள்ளி மூங்கில், பைன் தோட்டங்கள் வரை போங்கள். சகுரா (செர்ரிப்பூ) வேண்டுமென்றால் ஏப்ரல் முதல் வாரம். கோட்டை வளாகத்தில் சுமார் ஆயிரம் மரங்கள். அதே வாரத்தில் கூட்டமும் அதற்கேற்றாற்போல.

ஒசாகாவிலிருந்து ஜே.ஆர். விரைவு ரயிலில் ஒரு மணி நேரம். ஷின்-ஒசாகாவிலிருந்து புல்லட் ரயிலில் அரை மணி. ஹிமேஜி நிலையத்தின் வடக்கு வாசலில் இறங்கினால் அகன்ற சாலையின் முடிவில் கோட்டை நிற்கும். 15 முதல் 20 நிமிட நடை. காலை 9 மணிக்குத் திறப்பு, டிசம்பர் 29, 30 விடுமுறை. கட்டணம் நீண்ட நாள் 1,000 யென்னாக இருந்தது. 2026 மார்ச் முதல் வெளியூர்ப் பெரியவர்களுக்கு 2,500 யென், 18 வயதுக்கு உட்பட்டோருக்கு இலவசம் என்று மாற்றியிருக்கிறார்கள். கோபுரத்துக்கும் மேற்குப் பிரிவுக்கும் சேர்த்து இரண்டு மணி நேரம், தோட்டத்துக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். திறக்கும் நேரத்திலேயே போய்விட்டால் படிக்கட்டில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

உள்ளே செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். லிஃப்ட் கிடையாது. படிகள் ஏணி மாதிரி செங்குத்து, மேலே போகப் போக இன்னும் குறுகும். பல நூறு ஆண்டு தேய்ந்த பலகை வழுக்கும். குளிர்காலத்தில் தரை சில்லிடும், தடித்த காலுறை தேவை. ஆனால் வழுவழுப்பான நைலான் காலுறை வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவது சிரமம். அவர்கள் பிசென்மாரு திடலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கலாம். கோபுரம் மிக அருகில் தெரிவது அங்கிருந்துதான். வேட்டி, சேலையோடு போகிறவர்கள் ஒரு கையால் கொசுவத்தைத் தூக்கிக்கொண்டு, மறு கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்காமல் இறங்க வேண்டும்.